தொலைமருத்துவமும் தற்பேணலும்: பாட்டியின் பதிவேட்டைப் பேரப்பிள்ளை எழுதலாமா?



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை நோயைப் பற்றி எழுதுகிறேன். 'தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் வினவக்கூடும். நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களோடு வாழ்வது பெரிதும் ஒரு கற்றல் பணியே என்பது என் கருத்து. கற்றல் என்று வந்துவிட்டால், அங்கே ஆசிரியருக்கும் சொல்வதற்குச் சில உண்டு. அத்தோடு, இக்கற்றலின் சுமை இப்பொழுது நம் வகுப்பறைப் பிள்ளைகளின் தோளில் வந்து விழுகிறது. ஆகவே, நாம் வாளாவிருக்க முடியாது.

நம் வீட்டு நோய்

நீரிழிவை நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்பார்கள். பெயரில் இனிப்பு இருந்தாலும் அது செய்யும் வேலை கசப்பானது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம், கால் என ஒவ்வோர் உறுப்பாகத் தின்றுவிடும். மலேசியச் சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். உயர் குருதி அழுத்தம் 29.2 விழுக்காட்டினருக்கும், குருதியில் மிகுந்த கொழுப்பு 33.3 விழுக்காட்டினருக்கும் உள்ளன. இம்மூன்றோடு உடற்பருமனும் சேர்ந்து, நான்கையும் ஒருங்கே சுமந்து வாழ்வோர் அரை மில்லியனுக்கும் மேல்.

இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியரிடையேதான் மிகுதி என்பதை 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. இதற்குச் சான்று தேடி எங்கும் செல்ல வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் 'யாருடைய வீட்டில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ இனிப்பு நீர் இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கைகள் உயர்கின்றன என்பதை எண்ணுங்கள், போதும்.

ஓராண்டில் ஒரு மணி நேரம்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரிழிவாளர் ஒருவர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மருத்துவரோடு பதினைந்து நிமிடம் பேசுகிறார் என்று தாராளமாகவே கொள்வோம். ஓராண்டில் ஒரு மணி நேரம் ஆகிறது. ஓராண்டுக்கு மொத்தம் 8,760 மணி நேரம். எஞ்சிய 8,759 மணி நேரமும் அவருக்கு மருத்துவர் யார்? அவரேதான். காலையில் தே தாரிக்கில் எவ்வளவு கெட்டிப்பால் ஊற்றுவது, மாத்திரையை உணவுக்கு முன் உண்பதா பின் உண்பதா, தலை சுற்றினால் என்ன செய்வது, காலில் சிறு புண் கண்டால் எப்போது கிளினிக்கிற்கு ஓடுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறார். இதைத்தான் 'தற்பேணல்' என்கிறோம்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளை நாம் மாணவர்களுக்குக் கற்பித்திருப்போம். மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும் வள்ளுவர், நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். மருத்துவர் அவருக்கு அடுத்துதான் வருகிறார். நோயாளியை வெறுமனே மருந்து பெறுபவராகக் கருதாமல் மருத்துவத்தின் முதற்கூறாகக் கண்ட பார்வை நமக்குப் புதிதன்று.

இந்த 8,759 மணி நேரத்தில் நோயாளி தனித்து விடப்படாமல் இருக்க உதவுவதே தொலைமருத்துவம். வீட்டில் அளந்த குருதி அழுத்தத்தைத் திறன்பேசி வழி கிளினிக்கிற்கு அனுப்புதல், தாதியோடு காணொலியில் பேசுதல், மருந்தாளரிடம் தொலைபேசியில் ஐயம் கேட்டல், மருந்தை அஞ்சல்வழி பெறுதல் ஆகிய யாவும் இதனுள் அடங்கும்.

இஃது நேற்று முளைத்ததன்று

பலர் இதனைக் கோவிட் பெருந்தொற்றோடு வந்த ஒன்றாகக் கருதுகின்றனர். 1996-இல் நம் நாட்டில் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பட்டபோதே அதன் முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்றாகத் தொலைமருத்துவம் வைக்கப்பட்டது. 1997-இல் தொலைமருத்துவச் சட்டமும் இயற்றப்பட்டது. அக்காலத்தில் நம் தோட்டப்புற வீடுகள் பலவற்றில் தொலைபேசியே இல்லை. ஏட்டில் இருந்த கனவு வீட்டுக்கு வர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பிடித்தது.

18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது கிளினிக் செல்லவே மக்கள் அஞ்சினர். அவ்வாண்டு ஏப்ரலில் அறிமுகமான மைசெஜாத்ரா செயலி எல்லாருடைய கைப்பேசியிலும் குடிபுகுந்தது. முன்பே இருந்த அஞ்சல்வழி மருந்துச் சேவையைப் பலர் அப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கினர். தொலைபேசியிலும் காணொலியிலும் மருத்துவ ஆலோசனை பரவியது. சிங்கப்பூரிலும் பலதுறை மருந்தகங்கள் நோயாளிகளுக்குக் குருதி அழுத்தக் கருவி வழங்கி, வீட்டில் எடுக்கும் அளவுகளைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் திட்டத்தை நடத்துகின்றன. 2023 ஜூன் மாதம் நம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் இலக்கவியல் மருத்துவத்திற்கு இடமளித்துள்ளது. ஆக, இனி இது வருமா வராதா என்பது கேள்வியே அன்று. வந்துவிட்டதை நம் மக்கள் எப்படிப் பயன்படுத்தப் போகின்றனர் என்பதே கேள்வி.

பயன் உண்டா?

உண்டு. ஆனால், விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கும் இல்லை. வெறுப்போர் சொல்லும் அளவுக்குக் குறைவாகவும் இல்லை.

முதலில் நோயைக் கட்டுக்குள் வைப்பதன் பயனைப் பார்ப்போம். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 5,102 நீரிழிவாளர்களிடம் நடத்தப்பெற்ற மாபெரும் ஆய்வின் முடிவுகள் 1998-இல் வெளியாயின. அதன் தொடர்ச்சியாக 2000-இல் வெளிவந்த கட்டுரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் 'எச்பிஏ1சி' அளவு ஒரு விழுக்காடு குறையும்போது கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைந்து காணப்படுவதாகக் கூறியது. நம் நாட்டில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நம்பி வாழ்வோருக்கு அந்நிலை வரக் காரணங்களுள் முதன்மையானது நீரிழிவே. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்போரை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு விழுக்காட்டின் அருமை தெரியும்.

இனி, தொலைமருத்துவத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1,182 குருதி அழுத்த நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினர் வழக்கம்போல் கிளினிக் அளவீட்டை மட்டுமே நம்பினர். இன்னொரு பிரிவினர் மாதத்தின் முதல் வாரத்தில் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்தனர். மூன்றாம் பிரிவினர் அவ்வாறு அளந்ததைக் குறுஞ்செய்தி வழி அனுப்பினர். ஓராண்டு முடிவில் வழக்கமான பிரிவினரின் மேல் அழுத்தச் சராசரி 140.4. வீட்டில் அளந்தவர்களுக்கு 137.0; அனுப்பியவர்களுக்கு 136.0. அனுப்பியவர்கள் விரைவாகவும் கட்டுக்குள் வந்தனர். விலையுயர்ந்த செயலி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எளிய குறுஞ்செய்திதான். அந்த அளவைப் பார்த்து மருத்துவர் மருந்தைத் திருத்தினார்; அதனால்தான் பயன் விளைந்தது.

மற்றோர் ஆய்வு நமக்கு எச்சரிக்கையும் செய்கிறது. அதே இங்கிலாந்தில் 2008-இல் தொடங்கி 3,230 நெடுநாள் நோயாளிகளிடம் தொலைக்கண்காணிப்பு செய்து பார்த்தனர். 2012-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் கண்காணிக்கப்பட்டோரிடையே 4.6 விழுக்காடு, மற்றவரிடையே 8.3 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால், மறு ஆண்டு வெளியான கட்டுரைகள், அவர்களுடைய வாழ்க்கைத் தரம் உயரவில்லை என்றும் செலவுக்கேற்ற பயன் கிட்டவில்லை என்றும் கூறின. கருவியைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணுவோர் இதனை இருமுறை படிக்க வேண்டும்.

ஆசிரியர் அறிந்த பாடம்

இதெல்லாம் ஆசிரியர்களாகிய நமக்குப் பழகிய பாடமே. 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. ஆண்டிறுதியில் ஒரு நாள் தேர்வெழுதி ஒரு பிள்ளையின் கல்வியை அளப்பதைவிட, வகுப்பறையில் அன்றாடம் கவனித்து, தவறிய இடத்தில் உடனே திருத்துவதே மேல் என்பதை ஏற்று வகுப்புசார் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறோம். கிளினிக்கில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை அளப்பது தேர்வு போன்றது. வீட்டில் அளந்து, அனுப்பி, மறுமொழி பெற்று, மறுநாளே உணவையோ மருந்தையோ திருத்திக்கொள்வது வகுப்புசார் மதிப்பீடு போன்றது. மறுமொழி இல்லாத அளவீடு, திருத்தப்படாத பயிற்றுநூல் போன்றதே. மாணவன் எழுதிக்கொண்டே போவான்; பிழையும் கூடவே வளரும்.

இல்லிருப்புக் கற்றல் நடந்த நாள்களை மறந்திருக்க மாட்டீர்கள். இணையம் இருந்தது, கருவியும் சில வீடுகளில் இருந்தது. பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து வழிகாட்டிய வீட்டில் பிள்ளை கற்றது. கருவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டுச் சென்ற வீட்டில் பிள்ளை விளையாடியது. தொலைமருத்துவத்திற்கும் இது முற்றிலும் பொருந்தும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பார் உருவாக்கிய தற்பேணல் பயிற்சித் திட்டம் உலகெங்கும் பரவியுள்ளது. வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம், மொத்தம் ஆறு வாரங்கள். அதை நடத்துவோர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். தாமும் நெடுநாள் நோயோடு வாழும் எளிய மனிதர்களே பயிற்சி பெற்று நடத்துகின்றனர். ஒவ்வொரு வாரமும் பங்கேற்போர் தம்மால் செய்ய முடிந்த ஒரு சிறு செயலைத் தாமே தேர்ந்தெடுத்து, அடுத்த வாரம் வந்து அதைப் பற்றிச் சொல்வார்கள். இதைப் படித்தபோது இது நல்ல வகுப்பறை ஒன்றின் வருணனையாகவே எனக்குத் தோன்றியது. பெரியவர்களுக்கும் கற்பிக்க முடியும். அவர்களுடைய மொழியில், அவர்கள் மதிப்புக் குறையாமல் கற்பிக்க வேண்டும், அவ்வளவே.

பதினோரு வயதுச் செவிலி

இப்பொழுது என்னை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. கணிதத்தில் கெட்டிக்காரி. ஒருநாள் தசமப் பயிற்சி முடிந்து எல்லாரும் ஓய்வுக்குச் சென்றபின் என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், பதினாலு புள்ளி ரெண்ட எட்டுன்னு எழுதினா பெரிய தப்பா?"

எதற்கென்று கேட்டேன். வீட்டில் பாட்டியின் சர்க்கரையை அளப்பதும் பதிவேட்டில் எழுதுவதும் அதைப் படம்பிடித்துப் புலனத்தில் கிளினிக்கிற்கு அனுப்புவதும் அவள் வேலை. பெற்றோர் இருவரும் தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர்கள். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.

"டாக்டர் ஏசுவாங்களாம் டீச்சர். அதனால பாட்டி எட்டுன்னு போடச் சொல்றாங்க. நான் போடலன்னா பாட்டி அழறாங்க."

இந்தப் பிள்ளைக்கு நாம் என்ன விடை சொல்வது? பொய் எழுதாதே என்று நன்னெறிக் கல்விப் பாடத்தை ஒப்பிப்பதா? அவள் அதை அறிந்ததால்தான் என்னிடம் வந்தாள். எட்டு என்று எழுதினால் மருத்துவர் மருந்தை மாற்ற மாட்டார். பாட்டியின் சிறுநீரகம் நலியும். பதினான்கு என்று எழுதினால் பாட்டி அழுவார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது பதினோரு வயதுக் குழந்தை. பாட்டிக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் தன் எழுத்தே காரணம் என்று வாழ்நாள் முழுதும் அக்குழந்தை எண்ணாதா?

அம்மாவை வரவழைத்துப் பேசினேன். அவரிடமும் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. 'அவளுக்குத்தான் டீச்சர் போன் நல்லா தெரியும்' என்றார். உண்மைதான். ஆனால், போன் தெரிவதும் நோய் தெரிவதும் வேறு வேறு. இப்பொழுது அம்மாவே இரவில் பதிவேட்டைப் பார்த்து எழுதி அனுப்புகிறார். பாட்டியின் பயத்தையும் கிளினிக்கில் ஒரு தாதியிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அத்தாதி, 'எண் அதிகமாக இருந்தால் ஏச மாட்டோம். மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த எண்' என்று பாட்டியிடம் மலாயில் சொல்ல, அம்மா தமிழில் பெயர்த்தாராம். பாட்டிக்கு அந்த ஒரு வரியை இத்தனை ஆண்டுகளாக யாரும் தமிழில் சொல்லவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ஏச்சு வாங்கும் இடத்தில் உண்மை பிறக்காது. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை அடித்தால், மறுநாள் நண்பனின் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவான். நோயாளியை ஏசினால் பதிவேட்டில் அழகான எண்கள் வரும். தொலைமருத்துவத்தின் அடித்தளமே வீட்டிலிருந்து வரும் உண்மையான எண். அது பொய்யானால் எவ்வளவு உயர்ந்த கருவியும் பொய்யையே விரைவாகக் கொண்டுசேர்க்கும்.

சில மறுப்புகள்

'பிள்ளைகள் பெரியவர்களுக்கு உதவுவது நம் பண்பாடுதானே?' என்பார்கள். ஆம். பாட்டியின் கண்ணாடியைத் தேடித் தருவதும் மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் மாலையில் கைப்பிடித்து நடப்பதும் உதவி. பாட்டிக்கு இன்சுலின் எத்தனை அலகு என்று மருத்துவர் சொல்வதைக் கேட்டு மொழிபெயர்ப்பது உதவியன்று, பொறுப்பு. அப்பொறுப்பு பெரியவர்களுடையது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் உயிருக்கே கேடு வரலாம்.

'பள்ளி இதில் தலையிடலாமா? ஆசிரியருக்கு இருக்கும் வேலை போதாதா?' என்பார்கள். ஆசிரியர் எவரும் மருத்துவம் பார்க்க வேண்டா. சர்க்கரையை அளக்கவும் வேண்டா. ஆனால், தமிழ்ப்பள்ளி மண்டபத்தைப் போலத் தமிழ் மட்டும் அறிந்த பெரியவர்கள் அச்சமின்றி நுழையும் பொது இடம் நம் ஊர்களில் கோயிலைத் தவிர வேறு எங்கே இருக்கிறது? 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குச் சுகாதார எழுத்தறிவு குறைவு என்றது. எழுத்தறிவு என்ற சொல் வந்தபின் அது நம் வேலையில்லை என்று எப்படிச் சொல்வது?

'திரையில் பார்க்கும் மருத்துவம் நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா?' என்பாரும் உளர். ஈடாகாது. பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் கண்ணின் பின்திரையைப் படம் எடுப்பதும் குருதியைச் சோதிப்பதும் கிளினிக்கில்தான் நடக்க வேண்டும். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி ஆகியவற்றுக்குத் திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். தொலைமருத்துவம் இரு நேர்ச் சந்திப்புகளுக்கு இடையே போடும் பாலம் மட்டுமே. அதைக் காட்டி நேர்ச் சந்திப்பைக் குறைக்க நினைத்தால் நாமே எதிர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே திறன்பேசியில்தான் 'மூன்று நாளில் இனிப்பு நீர் போகும். மருந்தை நிறுத்துங்கள்' என்னும் புலனச் செய்திகளும் வருகின்றன. தாதியின் செய்தியும் வணிகரின் பொய்யும் ஒரே திரையில், ஒரே எழுத்தில் வருகின்றன. எது யாரிடமிருந்து வந்தது என்று பார்க்கக் கற்பதும் தற்பேணலின் ஒரு பகுதியே.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே,

1. வீட்டு நோயாளியின் அளவீடுகளுக்குப் பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பிள்ளைக்குக் கைப்பேசி நன்றாகத் தெரிந்தால், அது உங்களுக்குக் கற்றுத் தரட்டும். உங்களுக்காகச் செய்ய வேண்டா.

2. அளக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். குருதி அழுத்தம் அளக்கும் முன் அரை மணி நேரம் காப்பியும் புகையும் கூடா. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஒரு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

3. சர்க்கரை 4-க்குக் கீழ் இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் அது கூடியிருப்பதைவிட அவசரமானது. நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

4. எண் எதுவாயினும் உள்ளபடியே எழுதுங்கள். அருகில் காரணத்தையும் எழுதுங்கள்: 'நேற்றுக் கலியாண வீடு', 'மாத்திரை தீர்ந்துவிட்டது', 'காய்ச்சல்' என்று. அந்த ஒரு சொல் மருத்துவருக்குப் பல எண்களைவிட உதவும். அவர் சொல்லாமல் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா.

5. நாற்பது வயதைக் கடந்து அரசாங்க உதவித்தொகை பெறுவோர் 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடற்சோதனைக்குத் தகுதி பெறலாம். கேட்டறிந்து செல்லுங்கள். தற்பேணலின் முதற்படி நோய் இருக்கிறதா என்று அறிவதே.

ஆசிரியர்களே,

1. கணிதத்தில் தசமமும் சராசரியும் குறிவரைவும் கற்பிக்கிறோம். ஒரு வார அழுத்த அளவுகளைக் கற்பனையாகக் கொடுத்துக் குறிவரைவு வரையச் சொல்லலாம். உண்மையான தம் வீட்டு எண்களைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நோய் ஒருவரின் மறைவான செய்தி.

2. நலக்கல்விப் பாடத்தில் இனிப்பு நீரைத் தண்டனைபோல் பேசாதீர்கள். 'இனிப்பு தின்றால் இப்படித்தான்' என்று சொல்லும்போது அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை தன் பாட்டியைக் குற்றவாளியாக எண்ணும்.

3. அடிக்கடி வராத, வகுப்பில் உறங்கும் பிள்ளையிடம், 'வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய்?' என்று கனிவாகக் கேளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, ஆண்டுக்கொரு முறை இரத்த தானமும் மருத்துவ முகாமும் நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு அதோடு ஆறு வாரப் பயிற்சி ஒன்றுக்கும் ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்கிப் பாருங்கள். அருகிலுள்ள கிளினிக்கின் தாதியையோ மருந்தாளரையோ அழையுங்கள். கருவியைப் பிடிக்கவும் செயலியைத் திறக்கவும் மருந்தை அஞ்சலில் பெறப் பதியவும் தமிழில் கற்றுத்தாருங்கள். நோயைத் திறம்படக் கையாளும் ஒரு தாத்தா நம் ஊரிலேயே இருப்பார். அவரைப் பேச விடுங்கள்.

சுகாதாரத் துறையினரிடமும் ஒரு வேண்டுகோள். இந்தியரிடையே இந்நோய் மிகுதி என்பதை உங்கள் ஆய்வுகளே சொல்கின்றன. அவ்வாறெனில், பதிவேட்டின் ஓரத்தில் நான்கு வரித் தமிழும், மாதத்தில் ஒரு நாளாவது தமிழ் பேசும் பணியாளர் ஒருவரின் தொலைபேசி ஆலோசனையும் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கோரல் ஆகாது. அது மருந்தைப் போன்றே சிகிச்சையின் பகுதி. புரியாத மொழியில் சொன்ன அறிவுரை, உறை பிரிக்காத மாத்திரை.

அன்பர்களே, நம் முன்னோர் பால்மரக் காட்டில் உழைத்து நமக்குப் பள்ளி கட்டித் தந்தனர். அவர்களுடைய முதுமையில் ஒரு சிறு கருவியின் திரையில் தோன்றும் எண்ணின் பொருளை அவர்களுக்குப் புரிய வைப்பது நம் கடன். அக்கடனைப் பிள்ளைகளின் தலையில் சுமத்தாமல் பெரியவர்களாகிய நாமே அடைப்போம். உங்கள் பள்ளியில் இத்தகைய முயற்சி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள்; பிறரும் பின்பற்ற உதவும்.

நோயற்ற வாழ்வு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நோயோடும் நிமிர்ந்து வாழ்வதை நாம் கற்கலாம், கற்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை